வாசகர் கேள்வி–பதில்: எரிமலைக்குள் என்ன நடக்கிறது?

எரிமலை பற்றிய கடிதங்கள் சில மாதங்களாகவே சேர்ந்துகொண்டிருந்தன. இந்த இதழில் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கல்லூரியில் நிலவியல் நடத்திய காலம் முழுக்க எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. மாணவர்கள் படம் வரைந்து, பெயர் குறித்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அது எனக்கு வருத்தமாகவே இருக்கும். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கேடய எரிமலை, அடுக்கு எரிமலை, கங்குக் கூம்பு என்று மனப்பாடம் செய்கிறாள், இரண்டே நாளில் மறந்துவிடுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் அம்மா, குழம்பிலிருந்து ஆரம்பியுங்கள். உள்ளே இருக்கும் பாறைக்குழம்பு எவ்வளவு கெட்டியானது, அதில் எவ்வளவு வாயு கரைந்திருக்கிறது, மேலே வரும் வழியில் அது தண்ணீரைச் சந்திக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தால் மலை எந்த வடிவத்தில் எழும், எப்படி வெடிக்கும் என்பதை அவளே பெரும்பாலும் ஊகித்துவிடுவாள்.

கெட்டித்தன்மைக்கு முக்கியக் காரணம் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். பசால்ட் என்ற வகைக் குழம்பில் எடையில் பாதியளவு சிலிக்கா இருக்கும். வெப்பம் 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ். அது இளகி ஓடும். ரயோலைட் குழம்பில் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல். வெப்பமும் குறைவு, 700 முதல் 850 டிகிரி வரைதான். அது நகரவே சிரமப்படும். ஆன்டிசைட் இரண்டுக்கும் நடுவில்.

அடுத்தது வாயு. பல கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தத்தின் காரணமாக, நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கந்தக டை ஆக்சைடும் குழம்பிலேயே கரைந்திருக்கும். குழம்பு மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து அவை குமிழிகளாகப் பிரியும். இளகிய குழம்பென்றால் குமிழி நழுவி வெளியேறிவிடும். கெட்டிக் குழம்பில் மாட்டிக்கொள்ளும், பெருக்கும், கடைசியில் குழம்பையே தூள் தூளாகச் சிதறடித்துக்கொண்டு கிளம்பும்.

ஒரு நுரைக்கல்லை வாங்கி மகளின் கையில் கொடுங்கள். பார்க்கக் கல், ஆனால் தண்ணீரில் மிதக்கும். அதில் தெரியும் ஒவ்வொரு துளையும் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட வாயு இருந்த இடம். என் வகுப்பில் முதலில் கைமாறிப் போவது அந்தக் கல்தான். படம் அப்புறம்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். இளகிய குழம்பு தூரம் தூரமாக ஓடிப் பரவி, மெல்லிய அடுக்குகளாக உறைந்து, அகன்ற தாழ்வான மலையாகும். அதுதான் கேடய எரிமலை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர். கடலின் அடியிலிருந்து அளந்தால் 9 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆனாலும் அதன் சரிவு அவ்வளவு மென்மையானது. பக்கத்தில் நிற்பவருக்கு அது மலை என்றே தோன்றாது. குழம்பு கொஞ்சம் கெட்டியாகி, ஒரு முறை சாம்பலும் கற்களும், ஒரு முறை லாவாவும் என மாறி மாறிக் கொட்டினால் செங்குத்தான அடுக்கு எரிமலை எழும். ஜப்பானின் ஃபூஜி, பிலிப்பைன்ஸின் மயோன், இத்தாலியின் வெசுவியஸ் எல்லாம் இந்த வகை. வாயு தூக்கியெறியும் குழம்புத் துளிகள் காற்றிலேயே உறைந்து, வாயைச் சுற்றிக் குவிந்தால் கங்குக் கூம்பு. மலையே எழாத வகையும் உண்டு. நிலம் நீளமாகப் பிளந்து, பிளவு முழுக்க லாவா பொங்கும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பீடபூமியின் பசால்ட் அடுக்குகள் அப்படி வழிந்து பரவியவைதான்.

பூமிக்கு அடியில் நெருப்புக் கடல் இருக்கிறது, அது ஓட்டை வழியாக வெளியே வருவதுதான் எரிமலை என்று படித்தேன். சரியா?

சரியில்லை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் பெரும்பாலும் திடப்பாறை. கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பம் 1300 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் பாறை தரைமட்டத்தில் இருந்தால் உருகத் தொடங்கிவிடும். மேலே அழுத்தும் எடைதான் அதை உருகவிடாமல் வைத்திருக்கிறது. அதனால் உண்மையில் கேட்க வேண்டியது, திடமாக இருக்கும் பாறை சில இடங்களில் மட்டும் ஏன் உருகுகிறது என்பதுதான்.

ஒரு காரணம், அழுத்தம் குறைவது. பூமியின் மேற்புறத்தில் மெதுவாக நகரும் மாபெரும் பாறைப் பலகைகளைப் புவித்தட்டுகள் என்பார்கள். கடல் நடுவே அவற்றில் இரண்டு விலகும் இடத்தில் கவசப் பாறை மெதுவாக மேலே எழுகிறது. சூடு அப்படியே இருக்க, அழுத்தம் மட்டும் குறைவதால் ஒரு சிறு பகுதி உருகுகிறது. உலகில் வெளிவரும் லாவாவில் பெரும்பங்கு இப்படித்தான், யார் கண்ணிலும் படாமல், கடலடி மலைத்தொடர்களில் வருகிறது. குளிர்ந்த நீர் பட்டதும் தலையணை போல உருண்டு உறைந்துவிடும். ஹவாயிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஆழத்திலிருந்து எழும் சூடான பாறைத் தூண் ஒன்று இதைச் செய்கிறது. பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் அதன்மேல் நகர்ந்துபோவதால் தீவுகள் வரிசையாக உண்டாகின்றன. வடமேற்கே இருக்கும் காவாய் சுமார் 50 லட்சம் ஆண்டு பழையது. தென்கிழக்கு முனையில் அடுத்த எரிமலை ஒன்று இன்னும் கடலுக்கு அடியிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு காரணம்தான் என்னை எப்போதும் அசத்துவது: தண்ணீர். ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் சரிந்து இறங்கும்போது, தன் கனிமங்களுக்குள் கட்டுண்டிருக்கும் நீரையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே இருக்கும் சூடான கவசப் பாறைக்குள் புகுகிறது. பனிக்கட்டியின் மேல் உப்பைத் தூவினால் உறைநிலைக்குக் கீழேயே அது இளகுவது போல, நீர் புகுந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். இறங்கும் தட்டு உராய்ந்து சூடாகி உருகுகிறது என்று பல புத்தகங்களில் இன்னும் எழுதுகிறார்கள். அது பழைய விளக்கம். பசிபிக்கைச் சுற்றி இருக்கும் எரிமலை வளையத்துக்கு மூலக்காரணம் நீர். அந்த நீர்தான் குழம்பில் வாயுவாகவும் கலந்து வருகிறது. ஆண்டீஸ், ஜப்பான், இந்தோனேசியா எரிமலைகள் வெடிக்கும் குணம் கொண்டவையாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

வயலில் திடீரென எரிமலை முளைத்தது என்று தாத்தா சொன்னார். உண்மையா? (ஏழாம் வகுப்பு மாணவன்)

உண்மைதான் தம்பி. 1943 பிப்ரவரி 20, மெக்சிகோவில் பரிகுட்டின் என்ற ஊர். டியோனிசியோ புலிதோ என்ற விவசாயியின் சோள வயலில் நிலம் பிளந்தது, புகை வந்தது. மறுநாளே பல மீட்டர் உயரக் கூம்பு நின்றது. ஓர் ஆண்டில் 300 மீட்டரைத் தாண்டியது. ஒன்பது ஆண்டுகள் கக்கிவிட்டு 1952இல் ஓய்ந்தது. இனி அது விழிக்காது என்றே கருதுகிறார்கள், ஏனென்றால் கங்குக் கூம்புகள் பெரும்பாலும் ஒரே ஒரு முறை வெடிப்பவை. பக்கத்து ஊரின் தேவாலயக் கோபுரம் உறைந்த லாவாவுக்கு நடுவே இன்றும் நிற்கிறது. பிறந்த நாளிலிருந்து முடிவு வரை ஓர் எரிமலையை அறிவியலாளர்கள் கண்ணால் தொடர்ந்தது அதுவே முதல் முறை. உன் தாத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

லாவா ஓடி வந்தால் தப்பிக்கவே முடியாதா?

பெரும்பாலும் முடியும். நடந்தே விலகிவிடலாம். 2018இல் ஹவாயின் கிலாவேயா சுமார் 700 வீடுகளை விழுங்கியது. ஆனால் லாவா ஓட்டத்தில் ஒருவரும் இறக்கவில்லை. விதிவிலக்கு காங்கோவின் நீரகோங்கோ. அதன் குழம்பு மிகவும் நீர்த்தது, செங்குத்துச் சரிவில் மனிதர் ஓடுவதைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. 1977இல் பலர் தப்ப முடியாமல் இறந்தார்கள்.

நான் சொல்ல விரும்புவது வேறு. படங்களிலும் காணொளிகளிலும் சிவப்பாக ஓடும் லாவாவையே பார்த்துப் பழகிவிட்டோம். எரிமலைகளால் இறந்தவர்களின் கணக்கை எடுத்தால் அதில் லாவாவின் பங்கு மிகச் சிறியது. கொல்பவை வேறு. அவற்றில் மூன்றை இங்கே சொல்கிறேன்.

ஒன்று, அனல் மேகம். சாம்பலும் நுரைக்கல்லும் கொதிக்கும் வாயுவும் ஒன்றாகக் கலந்து, காற்றைவிடக் கனமாகி, மலைச்சரிவில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் உருண்டு வரும். வெப்பம் பல நூறு டிகிரி. 1902 மே 8 காலை, மர்டினிக் தீவின் பெலே மலையிலிருந்து இப்படி ஒன்று இறங்கி, சான்பியேர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். நகருக்குள் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர் தடித்த சுவர் கொண்ட சிறை அறைக்குள் இருந்தவர்.

இரண்டு, சேறு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ், பனி மூடிய சிகரம். 1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு வெடித்தது. வெடிப்பு என்ற அளவில் அது சின்னதுதான். ஆனால் சூடான சாம்பல் பனியை உருக்கியது. அந்த நீர் சாம்பலையும் மண்ணையும் பாறைகளையும் அள்ளிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அர்மேரோ நகரை அது அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டரை மணி நேரம்! பக்கத்து மேட்டில் ஏறி நின்றிருந்தாலே போதும். அந்த நகர் ஆபத்துப் பகுதியில் இருப்பதைக் காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகியிருந்தது. 1845இலும் அதே இடத்தைச் சேறு மூடியிருந்தது. மலையில் ஏதோ நடக்கிறது என்பதும் தெரியும், அன்று மாலை ஊரில் சாம்பலும் விழுந்தது. ஆனாலும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. அந்த இரவில் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிமலை வகைகளைப் படிப்பது தேர்வுக்காக இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மலையின் உச்சியில் பனி இருக்கிறதா, உங்கள் ஊர் எந்த ஆற்றின் கரையில் இருக்கிறது என்பது, அது எவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்பதைவிட முக்கியமாகிவிடலாம்.

மூன்று, ஓசையே இல்லாத வாயு. கேமரூனின் நியோஸ் ஏரி ஓர் எரிமலை வாயில் தேங்கியது. அடியாழ நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து சேர்ந்துகொண்டே இருந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு அது மொத்தமாக வெளியேறி, பள்ளத்தாக்குகளில் படர்ந்து, சுமார் 1,700 பேரை மூச்சுத்திணற வைத்துக் கொன்றது. இப்போது ஏரியின் அடி வரை குழாய் இறக்கி அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறார்கள்.

எரிமலைச் சாம்பல் மேலே பட்டால் தட்டிவிட்டால் போகாதா? அதற்கு ஏன் விமானங்களை நிறுத்துகிறார்கள்?

அது எரிந்து மிஞ்சிய சாம்பல் இல்லை. வாயு சிதறடித்த குழம்பு நொடியில் உறைந்து உண்டான கண்ணாடித் துகள்களும் பொடிந்த பாறையும்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் கூரிய முனைகள் தெரியும். தண்ணீரில் கரையாது. நனைந்தால் கனக்கும், கூரையை அமுக்கி உடைக்கும். 1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் கக்கிய சாம்பலுக்குள் ஒரு போயிங் 747 நுழைந்தது. துகள்கள் இயந்திரத்துக்குள் உருகி ஒட்டிக்கொள்ள, நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விமானம் மிதந்தபடியே இறங்கியது. நல்லவேளையாகச் சாம்பலை விட்டு வெளியே வந்ததும் இயந்திரங்கள் மீண்டும் ஓடின, ஜகார்த்தாவில் தரையிறங்கினார்கள். முன்கண்ணாடி முழுக்கத் துகள் தேய்த்து மங்கியிருந்தது. 2010இல் ஐஸ்லாந்தின் ஓர் எரிமலைக்காக ஐரோப்பாவில் பல நாள் விமானங்களை நிறுத்தியபோது அந்தச் சம்பவம் எல்லோர் நினைவிலும் இருந்தது.

எரிமலை வெடிப்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பல நேரம் முடியும், எப்போதும் முடியாது. குழம்பு மேலே வரும்போது பாறையை உடைக்கும், சிறு சிறு நில அதிர்வுகள் வரும். நிலம் வீங்கும். கந்தக வாயு கூடும். இவற்றையெல்லாம் அளக்கலாம்.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. 1991 ஏப்ரலில் புகைய ஆரம்பித்தது. உள்ளூர், அமெரிக்க நிலவியலாளர்கள் கருவிகளை நட்டு இரவு பகலாகக் கவனித்து, பல்லாயிரக்கணக்கான மக்களை வெளியேற்ற வைத்தார்கள். ஜூன் 15இல் அது 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்றாக வெடித்தது. அதே நாளில் ஒரு புயலும் வந்து சாம்பலை நனைக்க, கூரைகள் இடிந்து பலர் இறந்தார்கள். ஆனால் எச்சரிக்கை இல்லாமல் போயிருந்தால் மேலும் ஆயிரக்கணக்கானோர் போயிருப்பார்கள்.

அந்த மக்களை நம்ப வைப்பதில் ஒரு காணொளிக்குப் பங்கு உண்டு. பிரான்சின் காட்யா, மொரீஸ் கிராஃப்ட் தம்பதி வாழ்நாள் முழுக்க எரிமலைகளுக்கு அருகே போய் எடுத்த படங்களை வைத்து ஆபத்துகளை விளக்கிய காணொளி அது. அனல் மேகம் எப்படி இருக்கும் என்பதை அதிகாரிகள் அதில்தான் கண்ணால் பார்த்தார்கள். பினாட்டுபோ வெடிப்பதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் ஊன்சென் மலையில் ஓர் அனல் மேகம் அவர்கள் இருவரையும் கொன்றது. உடன் இறந்தவர்களில் ஹாரி கிளிக்கன் என்ற அமெரிக்கரும் ஒருவர். 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது அதன் கண்காணிப்பு இடத்தில் இருந்து இறந்த டேவிட் ஜான்ஸ்டன், கிளிக்கனுக்குப் பதிலாக முதல் நாள்தான் அங்கே வந்திருந்தார். நமக்குத் தெரிந்திருக்கும் இந்த அறிவுக்கு இப்படி ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

செயின்ட் ஹெலன்ஸின் வடசரிவு வாரக்கணக்கில் நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் வீங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதை அளந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் சரிந்து, வெடிப்பு பக்கவாட்டில் பாயும் என்று யாரும் அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. 57 பேர் இறந்தார்கள். மலை 400 மீட்டர் குட்டையானது. இதைவிடக் கடினம், புதுக் குழம்பே மேலே வராமல், சூடான பாறை நிலத்தடி நீரை ஆவியாக்கி வெடிக்கும் வகை. 2014 செப்டம்பரில் ஜப்பானின் ஒன்டாகே அப்படித்தான் வெடித்தது. நல்ல வெயில், விடுமுறை நாள், உச்சியில் மலையேறிகள் நிறைந்திருந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அல்லது கிடைக்காமலே போனார்கள்.

எரிமலை வெடித்தால் உலகமே குளிரும் என்கிறார்களே?

சாம்பல் சில நாள்களில் அல்லது வாரங்களில் கீழே இறங்கிவிடும். குளிர வைப்பது கந்தகம். கந்தக டை ஆக்சைடு மழைமேகங்களுக்கு மேலே இருக்கும் அடுக்கு மண்டலம் வரை போனால், கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஓரிரு ஆண்டுகள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். பினாட்டுபோவுக்குப் பிறகு உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையே வரவில்லை, பயிர் பொய்த்தது.

1783இல் ஐஸ்லாந்தின் லாகி பிளவு எட்டு மாதம் லாவா கக்கியது. வெடித்துச் சிதறும் வகை இல்லை, வெறுமனே பொங்கி வழிந்ததுதான். ஆனால் அதன் கந்தகமும் ஃப்ளோரினும் புல்லை நஞ்சாக்கி, கால்நடைகளைக் கொன்று, பஞ்சத்தில் ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒருவரை மாய்த்தன. சாதுவாக ஓடும் எரிமலை பாதுகாப்பானது என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது லாகியின் கதைதான்.

யெல்லோஸ்டோன் எப்போது வெடிக்கும்? காலம் கடந்துவிட்டது என்று காணொளி பார்த்துத் தூக்கமே வரவில்லை.

நிம்மதியாகத் தூங்குங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலையில் மாபெரும் வெடிப்பு மூன்று முறை நடந்திருக்கிறது: சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மூன்று தேதிகளை வைத்து அட்டவணை போட முடியாது, எரிமலைக்கு அட்டவணையும் கிடையாது. அடியில் இருக்கும் குழம்பு அறையில் பெரும்பகுதி இன்று திடமாகவே இருக்கிறது.

அந்த அளவு வெடிப்பில் மலை மிஞ்சாது. அடியில் இருந்த குழம்பு வெளியேறியதும் மேலே இருந்த நிலம் உள்ளே அமிழ்ந்து பெரிய பள்ளமாகிவிடும். அதைக் கால்டெரா என்பார்கள். சுமத்ராவின் டோபா ஏரி அப்படிப்பட்ட பள்ளம்தான். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம், வெடித்தது சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்.

நீல நிற லாவா உண்டா?

இல்லை. ஜாவாவின் கவா இஜெனில் இரவில் தெரிவது எரியும் கந்தகத்தின் நீலச் சுடர். லாவா மற்ற இடங்களைப் போலத்தான். வினோதமான லாவா வேண்டுமென்றால் தான்சானியாவின் ஓல் தோயின்யோ லெங்காய் பற்றிப் படியுங்கள். சிலிக்காவே ஏறக்குறைய இல்லாத கார்பனேட் குழம்பு, வெப்பம் 500 முதல் 600 டிகிரிதான். பகலில் கறுப்பாக ஓடி, காற்றுப் பட்டதும் சில நாளில் வெள்ளையாகிவிடும்.

லாவாவைத் தண்ணீர் ஊற்றி நிறுத்த முடியுமா?

ஒரு முறை ஓரளவு முடிந்தது. 1973 ஜனவரி 23 அதிகாலை, ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில் ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்தது. முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றிருந்தன, அதனால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்றிரவே தீவை விட்டுக் கிளம்ப முடிந்தது. அப்புறம் லாவா துறைமுகத்தின் வாயை அடைக்க வந்தது. துறைமுகம் போனால் மீன்பிடியை நம்பியிருந்த ஊரும் போனது போலத்தான். மாதக்கணக்கில் கடல்நீரை லாவாவின் முகப்பில் பீய்ச்சினார்கள். முன்பகுதி உறைந்து சுவராகி, பின்னால் வந்ததைத் திருப்பியது. நூற்றுக்கணக்கான வீடுகள் போயின, துறைமுகம் பிழைத்தது. லாவா நின்ற இடம் அலைத்தடுப்பாக அமைந்ததால் துறைமுகம் முன்னைவிடப் பாதுகாப்பானது. மக்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து, உள்ளே ஆறாமல் இருந்த லாவாவின் சூட்டைக் குழாய்களில் எடுத்துப் பல ஆண்டுகள் வீடுகளைச் சூடாக்கிக்கொண்டார்கள்.